உப்புக்காரியின் மூன்றாவது மந்திரம்

மீரான் பேக்கரி மாடியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேசை தட்டி ஏற்றுக்கொள்ளப்பட்ட மூன்று மந்திரங்களும் திங்கட்கிழமை காலையில் தூத்துக்குடி சங்குக்கூடத் தெருவில் பலிக்க ஆரம்பித்துவிட்டன. அன்றைக்குத் தண்ணீர் லாரி வருகிற முறை என்பதால் குடத்தைப் பிடிப்பதா மந்திரத்தைக் கவனிப்பதா என்று தெருக்காரர்கள் கொஞ்சம் திணறினார்களே தவிர, இப்படியெல்லாம் நடக்குமா என்று ஒருவரும் வாய் பிளந்து நிற்கவில்லை.

மந்திரங்களை எழுதியவள் ஹெப்சிபா. உப்புக் கம்பெனி ஒன்றில் மாதிரி சோதிக்கிற வேலை அவளுக்கு. வாரம் முழுக்க வெள்ளையாக எதையாவது கரைத்துக் கரைத்துப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் புருஷன் டேவிட்சனோடு பேக்கரி மாடிக்கு ஏறிவிடுவாள். அங்கே அவர்கள் விளையாடுவது ஒரு கதை விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, குகைக்குள் நுழைவதா, பூதத்திடம் நயமாகப் பேசிப் பார்ப்பதா என்று வாயாலேயே முடிவு செய்வார்கள், செய்தது பலித்ததா சொதப்பியதா என்பதைப் பல முகங்கள் உள்ள பகடை சொல்லும். கதை நடத்துகிறவர் பேக்கரிக்காரர் மீரான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாரான டேவிட்சன் எந்தக் கதை ஆனாலும் கோடரியைத் தூக்கிக்கொண்டு வருகிற முரடனாகத்தான் வருவார். நான்காவது ஆள் கொம்பையா, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். எந்த விதியைக் கொடுத்தாலும் அதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து அதன் வழியாகத் தன் ஆளை நுழைத்துவிடுவான். ஹெப்சி அவனைத் திட்டிக்கொண்டேயிருப்பாள், ஆனால் அவன் வராத ஞாயிற்றுக்கிழமை அவளுக்குச் சப்பென்று போய்விடும்.

விளையாட்டின் புத்தகத்தில் வருகிற மந்திரவாதிகளை ஹெப்சிக்குக் கட்டோடு பிடிக்காது. கையை ஆட்டினால் நெருப்பு வருகிறது, காலை ஆட்டினால் பனி வருகிறது, செய்தவனுக்கு ஒரு சொட்டு வியர்வைகூட வருவதில்லை, இது என்ன பிழைப்பு என்பாள். அதனால் அவளே சொந்தமாக ஒரு மந்திரக்காரியை உண்டாக்கினாள். பெயர் உப்புக்காரி. நுனிநாக்கை ஈரப்படுத்திக்கொண்டு, உள்ளங்கையை வைத்து, மந்திரத்தின் பெயரைச் சொன்னால் காரியம் நடக்கும். ஆனால் அதற்குப் பதிலாக உப்புக்காரியின் நாக்கிலிருந்து உப்பு போய்விடும், தூங்கி எழுந்தால்தான் திரும்பும். முதல் மந்திரம் அழுகிற பிள்ளையை அமர்த்தும். இரண்டாவது, ஒரே ஒரு கூரைக்கு மேல் மழையை நிறுத்தி வைக்கும். மூன்றாவது, வலி வாங்கல். ஒருவரைத் தொட்டு அவர் வலியைத் தான் வாங்கிக்கொள்வது. வலி கையில் இருக்கிறவரை உப்பும் இல்லை.

மேசைக்கு ஒரு வழக்கம் உண்டு. புது விதி வந்தாலும் சரி, பழைய விதி மாறினாலும் சரி, மேசையைச் சேர்ந்த எல்லாரும் விரல் முட்டியால் தட்ட வேண்டும், ஒருவர் தட்டாவிட்டாலும் கிடையாது, எழுதினவரே தன் எழுத்தை நினைத்த நேரத்தில் மாற்றக்கூடாது. டேவிட்சன் ஒருமுறை சண்டை நடுவில் தன் கோடரிக்கு இன்னொரு முனை முளைத்துவிட்டதாகச் சாதித்ததிலிருந்து இந்த ஏற்பாடு. அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது மந்திரத்தை ஹெப்சி வாசித்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பிலிருந்து இறக்கிய பன் மேலே வந்துவிட்டது, பன்னின் வாசனையில் நான்கு பேரும் தட்டிவிட்டார்கள். வாங்கிய வலி எதுவரை கையில் இருக்கும் என்கிற வரியை அவள் எழுதவே இல்லை. எல்லா மந்திரத்துக்கும் அவள் தவறாமல் எழுதுகிற வரி அது.

மந்திரம் முதலில் இந்த நான்கு பேருக்குத்தான் பலித்தது. லாரித் தண்ணீருக்கு நின்ற வரிசையில் வீறிட்ட ஒரு கைக்குழந்தையை டேவிட்சன் விளையாட்டாகத் தொட்டு மந்திரத்தைச் சொல்ல, பிள்ளை சொல்லி வைத்தாற்போல் வாயை மூடிக்கொண்டது, வீட்டுக்கு வந்து இட்லியைப் பிட்டால் சட்னி பச்சைத்தண்ணீராக இருந்தது. அடுத்த நாளே பிள்ளைக்காரிகள் பேக்கரி மாடிப்படியில் வரிசை கட்டினார்கள். மேசையில் தட்டினவர்களுக்கு எல்லாம் மந்திரம் வரும் என்று தெரிந்ததும், தட்டாதவர் யார் என்று தேடவேண்டிய நிலைமை வந்தது. மீரான் படியில் செருப்பு விடுகிற இடத்தைப் பெரிதாக்கினார், தட்ட வருகிறவர்கள் கீழே ஒரு டீயாவது குடித்துவிட்டுத்தான் மேலே போகவேண்டும் என்று ஒரு சட்டம் போட்டார், அதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊர் எதையும் பழக்கப்படுத்திக்கொள்ளும், சங்குக்கூடத் தெருவோ அதில் ஒரு படி முன்னால் நிற்கிற தெரு. கல்யாணப் பத்திரிகையில் மணமகள் பெயருக்குக் கீழே மழை நிறுத்துகிறவர் பெயரும் அச்சாயிற்று. உப்பளக்காரர் ஒருவர் தன் பாத்தி முழுக்கக் கீற்றுப் போட்டு மூடி, இதுவும் ஒரே கூரைதானே என்று வாதாடினார், மழையும் அதை ஒப்புக்கொண்டு தள்ளிப் பெய்தது, ஆனால் வெயில் படாததால் உப்பு விளையவில்லை. சமையலில்தான் பெரும் சங்கடம். காலையில் மந்திரம் போட்டவளுக்கு மத்தியானக் குழம்பில் உப்புத் தெரியாது, ஒரு வீட்டில் கடல், அடுத்த வீட்டில் மொட்டைத் தண்ணீர். ஓட்டல்களில் ‘இன்று மந்திரம் போடாத மாஸ்டர் சமையல்’ என்று பலகை மாட்டினார்கள். கடைசியில் தெருக்காரர்கள் கூடிப் பேசி, மந்திரமே போடாத ஒரு ஆள் உப்புப் பார்க்க வேண்டும், மத்தியானத்துக்கு முன்னால் வீடு வீடாகப் போய்க் குழம்பைச் சுவைத்துச் சொல்லவேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அப்படி மேசையில் தட்டாத பெரிய ஆள் தெருவில் ஒருத்திதான் இருந்தாள், கொம்பையாவின் அம்மா பேச்சித்தாய்.

பேச்சித்தாய்க்கு அந்த வேலை கிடைத்ததில் தெருவுக்கே சந்தோஷம், ஏனென்றால் அவள் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு வருஷக்கணக்காகியிருந்தது. இடது கன்னத்தில் நரம்பு வலி. காற்றுப் பட்டால் வெட்டும், முகம் கழுவினால் வெட்டும், ஒரு பருக்கை அந்தப் பக்கம் உருண்டால் மின்சாரம் பாய்ந்தது மாதிரி வெட்டும். சேலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கஞ்சியை வலப்பக்கமாக வடித்துக் குடித்துக் கிடந்தவள், மந்திரங்கள் வந்த அதே வாரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். புது மாத்திரை கேட்டுவிட்டது என்று கொம்பையா சொன்னான். அவளும் நம்பினாள். வீடு வீடாகப் போய், கரண்டியை உள்ளங்கையில் சரித்து நக்கி, “ஏட்டி, இன்னும் ஒரு கல்லு போடு”, “இது கடலுட்டி, உருளைக்கிழங்க அரிஞ்சி போடு” என்று அதிகாரம் செய்து, போகிற வீட்டிலெல்லாம் இரண்டு பக்கக் கன்னத்தாலும் எதையாவது மென்றுகொண்டே திரும்பினாள்.

கொம்பையா அந்த மாதத்திலிருந்து கிரேன் ஏறுவதில்லை. உயரத்துக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்டு வாங்கி, கீழே துறைமுக வாசலில் சீட்டுப் பார்க்கிற வேலையில் உட்கார்ந்தான். மேசைக்கு வந்தால் மின்விசிறிக்கு நேராக உட்காரமாட்டான், பேசும்போது பாதியில் நிறுத்திக் கண்ணை இறுக மூடுவான், விதியில் ஓட்டையே கண்டுபிடிக்கமாட்டான். பன்னை வலப்பக்கமாக மென்றுகொண்டிருந்தவன் முகத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெப்சி பார்த்தாள். தான் எழுதாமல் விட்ட வரி எதிரே உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருப்பது போலிருந்தது.

“கொம்பையா, பெரியம்மா வலிய நீதான வச்சிருக்க?”

“சத்தம் போடாதீங்கக்கா. அம்ம காதுக்குப் போயிரும்.”

“எம்புட்டு நாளா?”

“மொத நாள்லருந்து. தூங்கி முழிச்சாப் போயிரும்னு நெனச்சேன், போகல. விதியப் படிச்சேன், அதுலயும் ஒண்ணும் இல்ல.” அவன் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு கன்னத்தில் பட்டு நின்றுவிட்டது. “இவ்வளவு பெரிய ஓட்டைய நீங்க வச்சி நான் இப்பத்தான்க்கா பாக்கேன்.”

விசாரித்தபோது அவன் மட்டும் இல்லை. புருஷனின் இடுப்பு வலியை வாங்கிய பெண்டாட்டிகள் இருந்தார்கள், அக்காளின் ஒற்றைத் தலைவலியை வாங்கிவிட்டு இன்னும் இருட்டு அறையில் கிடக்கிற தம்பி இருந்தான், பல்வலி என்று யார் வந்தாலும் இளகிவிடுகிற உபதேசியார் ஒருவர் தாடையைத் துண்டால் கட்டிக்கொண்டு ஜெபம் நடத்திக்கொண்டிருந்தார். அவசரத்தில், பாசத்தில், ஒரு நாள் கூத்துத்தானே என்ற நம்பிக்கையில் வாங்கியவர்கள். ஹெப்சி அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. தன் சோம்பலுக்கு, ஒரு சூடான பன்னுக்கு, இத்தனை பேர் விலை கொடுக்கிறார்களே என்று அழுதாள். டேவிட்சன், “எழுதாத வரிய எழுதிட்டாப் போச்சி” என்று சொல்லித் தேற்றினார். அவள் எழுதினாள்: வாங்கிய வலி அடுத்த தூக்கம் வரைதான், பிறகு உரியவருக்கே திரும்பும்.

அந்த வரிக்கு மேசை தட்ட எல்லாரும் வரவேண்டியிருந்தது, ஏனென்றால் தட்டின அத்தனை பேரும் இப்போது மேசையைச் சேர்ந்தவர்கள். மாடி கொள்ளாமல் படியிலும் படி கொள்ளாமல் தெருவிலும் நின்றார்கள். மேசையில் ஒரு கை பட்டு, அந்தக் கையின் தோளில் இன்னொரு கை பட்டு, இப்படித் தெருமுனை வரை தொட்டு நின்றால் தட்டினதாகக் கணக்கு என்று மீரான் தீர்ப்புச் சொன்னார். உபதேசியார் தட்டினார். பெண்டாட்டிகள் தட்டினார்கள், புருஷன்மார் கொஞ்சம் யோசித்துத் தட்டினார்கள். கொம்பையா கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“நான் தட்டமாட்டேன்.”

“எலே, ஒன் ஒருத்தனுக்காக நாங்க எல்லாரும் சாவணுமாலே?” என்று படியிலிருந்து ஒருவர் கத்தினார்.

“உங்க வலி உங்க ஆளுங்களுக்குத் திரும்பிப் போனா ரெண்டு நாள் முனங்குவாங்க. எங்கம்மைக்குப் போனா அவ சோறு திங்க முடியாது. நான் பாத்திருக்கேன், நீங்க பாக்கல.” வார்த்தைகளை ஒவ்வொன்றாக, கன்னத்தில் படாமல் எடுத்து வைத்தான். “அவ இப்பதான் பேசுதா. தெருத்தெருவாப் போயி எல்லாரையும் வையுதா. அத நான் திருப்பிக் குடுக்கமாட்டேன்.”

அவன் சொன்னதில் தப்பில்லை, படியிலிருந்து கத்தியவர் கேட்டதிலும் தப்பில்லை, இரண்டையும் ஒரே மேசையில் வைத்தவள் தான் என்பது ஹெப்சிக்குத் தெரிந்திருந்தது. அந்த வாரம் வரி தள்ளிப்போயிற்று.

பேச்சித்தாய்க்கு இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. ஊருக்கே வாய் இருந்தும், அவள் கரண்டியோடு வாசலில் நிற்கும்போது அந்தப் பேச்சை எடுக்க ஒருவருக்கும் மனசு வரவில்லை. அவள் கண்டுபிடித்தது உப்பில்தான். கொம்பையா பிறந்ததிலிருந்து அம்மா வைத்த எந்தக் குழம்பையும் உப்புச் சரி என்று ஒத்துக்கொண்டதில்லை, ஒன்று கூடிவிட்டது என்பான், அல்லது கம்மி என்பான், அதைச் சொல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. ஊர்க் குழம்பையெல்லாம் பார்த்துவிட்டு அலுப்பில் வந்து ஒருநாள் தன் வீட்டுக் குழம்புக்கு உப்பே போடாமல் விட்டுவிட்டாள். அவன் வாயே திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தான். எங்கேயாவது மழையை நிறுத்தியிருப்பான் என்று நினைத்தாள். மறுநாள் காலையில், அவன் பாயிலிருந்து எழுந்து பல் தேய்த்த கையோடு, தூங்கி எழுந்தவனுக்கு உப்புத் திரும்பியிருக்க வேண்டிய நேரத்தில், பழையசோற்றில் ஒரு கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டுக் கரைத்துக் கொடுத்தாள். அவன் வலப்பக்கமாகச் சாய்த்து, கண்ணை மூடி, முழுவதையும் குடித்தான்.

அந்தக் குடிக்கிற விதத்தை உலகத்தில் அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்! பேச்சித்தாய் சட்டியை அப்படியே கீழே வைத்தாள். அவன் வேலைக்குப் போகும்வரை அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றாள், அவன் தலை மறைந்ததும் ஹெப்சி வீட்டுக்குப் போனாள்.

“எம்மா ஹெப்சி, நீதான் அந்த மந்திரத்த எழுதுனவளாம்ல. எனக்குத் திருப்பிக் குடு.”

“பெரியம்மா, அவன் தட்டாம நான் ஒண்ணும் செய்ய முடியாது. நீங்க மேசையத் தட்டிட்டுப் போயி அவன்கிட்ட இருந்து வாங்கினாலும் அவன் திருப்பி வாங்கிருவான், அவன் குணம் உங்களுக்குத் தெரியாதா?”

பேச்சித்தாய் உட்கார்ந்துவிட்டாள். “வாங்கி வாங்கி வெளையாடவா ரெண்டு பேரும்? ஒரு கொடம் தண்ணியவே ரெண்டு பக்கமும் பிடிச்சாத்தானம்மா லேசா இருக்கும்.”

ஹெப்சி அவளையே பார்த்தாள். இத்தனை நாளும் ஓட்டையை அடைப்பது எப்படி என்றே யோசித்துக்கொண்டிருந்தவளுக்கு, அடைக்காமல் இன்னும் அகலமாக்கினால் என்ன என்பது அப்போதுதான் உறைத்தது. அன்றைக்குக் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தாள். ஒரு வலியை எத்தனை பேர் தொட்டு வாங்கினாலும் அத்தனை பேருக்கும் சமமாகப் பிரியும். பங்கு வைத்திருக்கிறவரை அவர்களுக்கு உப்பு இல்லை. வேண்டாம் என்று கையை எடுத்தால் அவர் பங்கு மற்றவர்களுக்குப் போகும். இந்த முறை அடுப்பிலிருந்து எது வந்தாலும் வாசித்து முடிக்காமல் தட்டக்கூடாது என்று மீரானுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மாடி, படி, தெரு. ஹெப்சி எழுந்து நின்று மறைக்காமல் சொன்னாள், “இதத் தட்டுனா இந்தத் தெருவுல நெறையப் பேருக்கு உப்பு போயிரும். எப்பத் திரும்பும்னு எனக்குத் தெரியாது. தப்பு எம்மேல. பாரம் உங்க மேல வருது. வேண்டாம்னு சொல்றவங்கள நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன்.”

உப்பிலேயே பிறந்து உப்பை விற்றுச் சாப்பிடுகிற ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. டேவிட்சன், வீட்டில் எப்படியும் உப்பு இருப்பதில்லை என்று முணுமுணுத்து முதலில் தட்டினார். மீரான் தட்டினார். தாடைக்காரர், இடுப்புக்காரிகள், பிள்ளைக்காரிகள், தண்ணீர் லாரிக்காரர், பலகை மாட்டிய ஓட்டல் மாஸ்டர், எல்லாரும் தட்டினார்கள். கொம்பையா அசையவில்லை.

“எங்கம்ம வலி. நான் வச்சிக்கிடுதேன். ஊர்ல எதுக்குப் பங்கு போடணும்?”

அப்போது கூட்டம் விலகியது. இத்தனை நாளும் படி ஏறாதே என்று மகன் சொல்லி வைத்திருந்த படியில் பேச்சித்தாய் ஏறி வந்தாள், கையில் கரண்டி அப்படியே இருந்தது. அவனுக்கு எதிரே வந்து நின்றாள்.

“எய்யா, நீ ஒத்தையா வச்சிருந்தா எனக்கு வலிக்காதுன்னு எவன் சொன்னான்? நீ கஞ்சி குடிச்சதப் பாத்தேனே, அதுல இருந்து வெட்டுதே, அத எந்த மந்திரத்தப் போட்டு வாங்குவ? மொதப் பங்கு எனக்கு வேணும். என் சொத்து அது. மிச்சத்த எல்லாரும் ஆளுக்கு ஒரு கிள்ளு எடுத்துக்கிடட்டும்.” கரண்டியைக் கீழே போட்டுவிட்டு மேசையைத் தட்டினாள்.

கொம்பையா அழுதான். அழுகை அந்தக் கன்னத்துக்கு எவ்வளவு பொல்லாதது என்று தெரிந்த ஒரே ஆள் அவன் முகத்தைத் தொடாமல் தோளைப் பிடித்துக்கொண்டாள். அழுதபடியே அவன் விரல் முட்டியை மேசைமேல் வைத்தான், தட்டினான். பேச்சித்தாய் அவன் கையைத் தொட்டாள், ஹெப்சி அவள் கையைத் தொட்டாள், தெருமுனை வரை ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்து மந்திரத்தின் பெயரைச் சொன்னார்கள்.

அதன் பிறகு சங்குக்கூடத் தெரு ஆட்களை ஊரில் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடலாம். பேசிக்கொண்டிருக்கும்போதே எறும்பு கடித்தது போல இடது கன்னத்தை ஒருமுறை தேய்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான் வலி. உபதேசியாரின் பற்களும் இடுப்புகளும் தலைவலியும் அப்படியே பிரிந்துபோயின. பெருநாள் அன்றைக்கு முஸ்லிம் வீடுகள் பிரியாணிக்காகக் கையை எடுத்துக்கொள்ளும், அன்று மற்றவர்களுக்கு எறும்பு கொஞ்சம் அழுத்திக் கடிக்கும். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்தவ வீடுகளுக்கு விடுமுறை, பொங்கலுக்கு இந்து வீடுகளுக்கு. விடுமுறை எடுக்காதவர்கள் இரண்டு பேர்தான், பேச்சித்தாயும் அவள் மகனும்.

கொம்பையா மறுபடியும் கிரேன் ஏறப்போன திங்கட்கிழமை, அவன் ஏறும் முன்னால் சாப்பிட்டுப் போகவேண்டும் என்று பேச்சித்தாய் விடியலிலேயே மீன் குழம்பு வைத்தாள். உப்புப் போட்டோமா போடவில்லையா, இரண்டு தடவை போட்டுவிட்டோமா என்று அவளுக்கே தெரியவில்லை, நக்கிப் பார்த்தும் பிரயோசனம் இல்லை. தட்டில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து அவன் தாடையைப் பார்த்தாள். அவன் ஒரு வாய் எடுத்தான், நிதானமாக இடது பக்கம் தள்ளினான், மென்றான். நாக்கில் புளி தெரிந்தது, உறைப்பு தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை.

“உப்பு கம்மிம்மா,” என்றான் கொம்பையா.

“ஒனக்கு என்னைக்குத்தாம்ல சரியா இருந்திருக்கு,” என்று சொல்லிக்கொண்டே பேச்சித்தாய் உப்பு ஜாடியை எடுக்க எழுந்தாள்.